ஏழு மணிநேர வெயிலுக்கு எந்த சன்ஸ்கிறீன்?

கேள்வி இதுதான்: "அரைத்தூர ட்ரையத்லனுக்குப் பயிற்சி எடுக்கிறேன். 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். திருகோணமலை உப்புவெளியில் நீந்துகிறேன், நிலாவெளி – குச்சவெளி வீதியில் சைக்கிள் ஓடுகிறேன். எஸ்.பி.எஃப். 50 பூசியும் மூன்று மணிநேரத்தில் கழுத்தும் கையும் எரிகின்றன. கடைசிவரை நிற்கக்கூடிய சன்ஸ்கிறீன் எது?"

கடைசிவரை நிற்கும் சன்ஸ்கிறீன் எந்தக் கடையிலும் இல்லை. அமெரிக்காவில் நீர்த்தாங்கும் நேரமாக லேபலில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். அவுஸ்திரேலிய – நியூசிலாந்துத் தரத்தில் 4 மணிநேரம் வரை எழுத இடமுண்டு. அந்த நேரங்களும் தொட்டித் தண்ணீரில் இருந்து வந்தவர்களின் தோலை, துவாய் படாமல் காயவிட்டு அளந்தவை. நீங்கள் ஹெல்மெட் வாரை இழுப்பீர்கள், புறங்கையால் நெற்றியை வழிப்பீர்கள், ஓட்டத்தில் தலைமேல் தண்ணீர் ஊற்றுவீர்கள். கிறீமை அழிப்பதில் வெயிலைவிட உரசலுக்கே பங்கு அதிகம். ஆகவே நீண்ட நேரப் பாதுகாப்பை ஒரு ரியூப்பில் தேட வேண்டாம். எவ்வளவு தோலைத் துணியால் மூடுகிறீர்கள், முதல் பூச்சை எப்படிப் போடுகிறீர்கள், எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி பூசுகிறீர்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

முதலில் உங்கள் எரிச்சலுக்கு வருவோம். எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண்ணை அளப்பது தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான். பொதுவாக ஆட்கள் பூசுவது அதில் பாதி, சிலர் கால்வாசி. அளவு குறைந்தால் 50 என்ற எண்ணும் அந்த விகிதத்திலோ அதைவிட மோசமாகவோ இறங்கும். முழு உடம்புக்கு ஒரு தடவைக்கு 7 தேக்கரண்டி, அதாவது 35 மில்லிலீற்றர் வேண்டும்: முகம், காது, கழுத்துக்குச் சேர்த்து ஒன்று, கை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. உங்கள் 50 மில்லிலீற்றர் ரியூப் ஒரு மாதப் பயிற்சிக்குத் தாக்குப்பிடித்திருந்தால், கழுத்து எரிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வீட்டில் ஒருமுறை தேக்கரண்டியால் அளந்து கையில் ஊற்றிப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் அது அநியாயமாகத்தான் தெரியும்.

இதனால்தான் விலை கூடிய சின்ன ரியூப்பைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, நடுத்தர விலையில் பெரிய போத்தல் வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். விலையை மில்லிலீற்றருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

திருகோணமலை வெயிலைப் பற்றியும் கொஞ்சம். நாங்கள் வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சிப்பொழுது நண்பகல் 12 மணிக்குக் கிட்டத்தான். மாதத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆகும். தெளிந்த நாளில் அந்த நேரத்தில் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இங்கே வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 'அதி தீவிரம்' என்று வகுப்பது 11ஐயும் அதற்கு மேற்பட்டதையும்தான். பாதுகாப்புத் தேவை என்று அது சொல்வது 3இலிருந்து. இங்கே காலை 8 மணி வாக்கிலேயே அது வந்துவிடும். கையில் கருவி இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வரை, சுமார் 9 மணியிலிருந்து 3 மணி வரை, வெயில் கடுமையானது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னொரு தொல்லை. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று நினைப்பீர்கள். உண்மையில் முன்கையிலும் கன்னத்திலும் உப்பு பொருக்காகப் படிந்திருக்கும். அதைக் கையால் தட்டும்போது கிறீமும் சேர்ந்து உதிரும். மெல்லிய மேகத்தையும் நம்ப வேண்டாம். புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு அதனூடாக வந்துவிடும். கடற்கரையில் ஓடினால் காய்ந்த மணலும் 15 வீதம் அளவில் கதிரைத் திருப்பி அடிக்கும். தொப்பி போட்டும் தாடையின் கீழும் மூக்குத் துவாரத்தின் விளிம்பும் கறுப்பது அதனால்தான்.

இனித் துணி. காசு செலவழிக்க இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். யூ.பி.எஃப். (துணியின் வெயில் காப்பு எண்) 50 என்று போட்ட கை உறை (விரலை மூடும் கையுறை அல்ல, மேற்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூடுவது) ஒரு சோடி, தோளை மூடும் ட்ரைசூட் (மூன்று பகுதிக்கும் போடும் ஒற்றை உடை), பிடரிக்குத் துணி தொங்கும் தொப்பி, கடலுக்கு ராஷ் கார்ட் (உடம்போடு ஒட்டும் நீச்சல் மேற்சட்டை). துணிக்கு மறுபூச்சுத் தேவையில்லை, வியர்வையில் கண்ணுக்குள் வழியாது. எங்கள் கடல் 28 பாகைக்கு மேல் இருப்பதால் வெற்சூட் (குளிர்நீருக்கான தடித்த நீச்சலுடை) போட வழியில்லை. அதனால் ராஷ் கார்ட் இல்லாமல் நீந்தினால் முதுகும் தோளும் வெளியேதான் கிடக்கும். வெள்ளைப் பருத்தி ரீசேட்டைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். காய்ந்திருக்கும்போதே அதன் காப்பு குறைவு, நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் இறங்கும். நெருக்கமாக நெய்த கடுநிறப் பொலியெஸ்ரர் நல்லது. இழுபட்டுத் தளர்ந்த பழைய லைக்ராவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கத்தில் விரல் தெரிந்தால் அதைப் பயிற்சிக்கும் போடாதீர்கள்.

கை உறை சூடாக்காதா என்று கேட்பார்கள். நனைத்துப் போட்டால் கச்சானில் அது கையைக் குளிர்விக்கவே செய்யும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் அரைக் கோப்பையை உறைமேல் ஊற்றுங்கள்.

துணியால் மூடிய பிறகு மிஞ்சுவது முகம், காது, கழுத்து, புறங்கை, நடுத்தொடையிலிருந்து கணுக்கால் வரை. ஒரு பூச்சுக்கு 17 மில்லிலீற்றர் அளவில் போதும்: முகம், கழுத்துக்கு 5, கால்களுக்கு ஐந்தைந்தாக 10, புறங்கைகளுக்கு 2. போட்டிக்கு இடையில் செய்யும் மறுபூச்சுகளையும் சேர்த்தால் 40 மில்லிலீற்றருக்குள் அடங்கும். ஒரு 50 மில்லிலீற்றர் ரியூப் போட்டி முழுவதற்கும் காணும்.

லேபலில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. எஸ்.பி.எஃப். 50 அல்லது 50+. இது பெரும்பாலும் தோலை எரிக்கும் யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிருக்கான எண். இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யூ.வி.ஏ.க்கு எதிரான காப்புக்கு ஜப்பானிய, கொரியப் பொருள்களில் பி.ஏ. என்பதற்குப் பக்கத்தில் நான்கு கூட்டல் குறிகள் இருக்க வேண்டும். ஐரோப்பியப் பொருள்களில் யூ.வி.ஏ. என்ற எழுத்து வட்டத்துக்குள் இருக்கும்; யூ.வி.ஏ. காப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது உண்டு என்று அதற்கு அர்த்தம். அடுத்தது நீர்த்தாங்கும் நேரம்: 80 நிமிடம் அல்லது 4 மணிநேரம். ஜப்பானிய லேபலில் இரண்டு நட்சத்திரம் என்றால் 80 நிமிடம். நேரம் குறிப்பிடாமல் "வோட்டர்புரூஃப்", "ஸ்வெற்புரூஃப்" என்று மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை; அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இலேயே இந்தச் சொற்களை விலக்கியது. "நாள் முழுவதும் பாதுகாப்பு" போன்ற வாசகங்கள் கூடாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2006இல் பரிந்துரைத்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

உள்ளடக்கப் பட்டியலில் ஒரு விஷயம். அவோபென்சோன் நல்ல யூ.வி.ஏ. வடிகட்டி (கதிரைத் தடுக்கும் பொருள்), ஆனால் வெயிலில் தானே சிதையும். கூட ஒக்ரினொக்சேட் என்ற வடிகட்டி இருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். ஒக்ரோகிரிலீன் சேர்த்திருந்தால் நிலைக்கும். "பிஸ்-எதில்ஹெக்ஸிலொக்சிபீனோல்" என்று தொடங்கி ஒரு வரி நீளும் பெயரைக் கண்டால் நல்லது. அது டினோசோர்ப் எஸ்; வெயிலில் சிதைவது மிகக் குறைவு. சிங்க் ஒக்சைட் சிதையாது, கண்ணில் எரிவதும் குறைவு. எங்கள் தோலில் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதுதான் அதன் குறை. போட்டி நாளில் அதைப் பார்த்துக் கவலைப்படுபவர் கண்ணெரிச்சலோடு ஓட வேண்டியதுதான்.

வகைகளில், தண்ணீராய்ப் பரவும் ஜெல் தினப் பாவனைக்குச் சுகம், நீண்ட போட்டிக்கு உதவாது. நீர்த்தாங்கும் நேரம் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். குலுக்கினால் உள்ளே குண்டு கலகலக்கும் ஜப்பானியப் பால் வகை (அனெஸ்ஸா போன்றவை) மெல்லியதாகக் காய்ந்து தோலைப் பிடித்துக்கொள்ளும். கால், புறங்கை, கழுத்துக்கு அதுதான் என் தெரிவு. குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் எண்ணெய் மட்டும் வரும், வடிகட்டி அடியில் தங்கிவிடும். நெற்றி, மூக்கு, கன்னமேடு, காது மடலுக்கு சிங்க் ஸ்ரிக். ஸ்ரிக்கை ஒரு இழுப்பு இழுத்தால் போதாது. ஒரே இடத்தில் நான்கு தடவை இழுத்து விரலால் பரப்ப வேண்டும். ஸ்பிரே வேண்டாம். கச்சானில் பாதி கடல் பக்கம் பறந்துவிடும், மிச்சம் புள்ளி புள்ளியாக விழும்.

எந்தப் போத்தலானாலும் வாங்கிய அன்றே இதைச் செய்யுங்கள். முன்கையில் பூசி 20 நிமிடம் விட்டுக் குழாயின்கீழ் பிடியுங்கள். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டால் படலம் நல்லது. பால்போல் வெள்ளையாகக் கரைந்து வழிந்தால் அது கந்தோருக்குப் போக மட்டும்.

கண்ணெரிச்சல் பலரைச் சன்ஸ்கிறீனையே விட வைத்திருக்கிறது. புருவத்துக்கு மேலே பூசியதுதான் வியர்வையோடு இறங்குகிறது. நெற்றியில் திரவ லோஷன் எதுவும் பூசாமல் சிங்க் ஸ்ரிக் மட்டும் போடுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே அதையே தடிப்பாக ஒரு வரி இழுத்தால் வியர்வை பக்கவாட்டில் திரும்பும். மேலிமையில் எதுவும் வேண்டாம், அங்கே கண்ணாடிதான் காப்பு. நீச்சல் கண்ணாடியின் ரப்பர் விளிம்பு உட்காரும் வளையத்தையும் வெறுமையாக விடுங்கள். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் கண்ணாடி வழுக்கும், கடல் தண்ணீர் உள்ளே வரும்.

போட்டி நாள் ஒழுங்கு இது. காலை 6.30க்குத் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.30க்கு, கையிலும் காலிலும் போட்டி எண்ணை மார்க்கரால் எழுதுவதை முதலில் முடித்துவிடுங்கள். கிறீம் பூசிய தோலில் மார்க்கர் பிடிக்காது, எழுதியதன்மேல் அழுத்தித் தேய்த்தாலும் அழியும். 5.45க்கு, வியர்க்கத் தொடங்குமுன், காய்ந்த தோலில் முதல் பூச்சு. 10 நிமிடம் கழித்து அதே இடங்களில் இரண்டாவது மெல்லிய பூச்சு. அளவைக் கூட்டுவதைவிட இதன் பயன் விட்ட இடங்களைப் பிடிப்பதில்தான்: காதின் பின்புறம், தலைமுடி எல்லை, முழங்கால் மடிப்பு, கையுறைக்கும் கை உறைக்கும் இடையில் தெரியும் மணிக்கட்டு, குனிந்தால் இடுப்பில் தெரியும் துண்டு. பெண்கள் நடு வகிட்டை மறக்க வேண்டாம். தலைமுடி குறைந்தவர்கள் ஹெல்மெட் ஓட்டைகளை நினைத்து உச்சியிலும் பூச வேண்டும், இல்லாவிட்டால் மாலையில் தலையில் கோடு கோடாகத் தெரியும்.

நீச்சல் 7.15 அளவில் முடியும். அதுவரை வெயில் பெரிதல்ல. ஆனால் உப்புத் தண்ணீரும் ராஷ் கார்ட் உரசலும் பூச்சைத் தின்றிருக்கும். இனி 8 மணிக்குமேல் சைக்கிளில் இருக்கப் போகிறீர்கள் என்பதால் முதல் ட்ரான்சிஷனில் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில்) செலவழிக்கும் ஒரு நிமிடம்தான் நாளின் மிக முக்கியமான நிமிடம். துவாயால் ஒற்றி எடுத்து (தேய்க்காமல்) முகம், பிடரி, தொடை முன்பக்கம், புறங்கை. ஈரத் தோலில் பூசினால் கிறீம் தண்ணீரில் மிதக்கும், பிடிக்காது. பூசிய உள்ளங்கையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொடுங்கள். பிரேக் பிடி வழுக்கினால் சன்ஸ்கிறீன் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

எங்கள் வீதியில் முற்பகல் சைக்கிளுக்கு ஒரு தனிக் கணக்குண்டு. வடக்கே குச்சவெளிக்குப் போகும்போது சூரியன் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். இரண்டு முறையும் கடல் பக்கம்தான். போகும்போது வலக் கையும் வலத் தொடையும் வாங்கியதைத் திரும்பும்போது இடப்பக்கம் வாங்கும். கிழக்கிலிருந்து மேற்காகப் போய் வரும் பாதையில், உதாரணமாகக் கந்தளாய் பக்கம், காலையில் போகும்போது பிடரியே முழுவதையும் வாங்கும்.

சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இரண்டாவது ட்ரான்சிஷன் 10.45 வாக்கில் வரும். அடுத்த இரண்டரை மணிநேர ஓட்டம் உச்சி வெயிலில். உப்பை முதலில் ஈரத் துணியால் துடையுங்கள், ஒற்றிக் காயவையுங்கள், பிறகு முகம், காது, கழுத்து, இரண்டு கெண்டைக்கால்கள். ஓட்டத்தில் ஸ்ரிக்கைச் சின்னச் சிப் பையில் போட்டுச் சட்டைப் பின்பையில் வைத்து ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் மூக்கும் கன்னமும். தலையில் தண்ணீர் ஊற்றும்போது தொப்பியோடு, பின்னந்தலையில் ஊற்றுங்கள். உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள பாம். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் அது போய்விடும் என்பதால் அடிக்கடி. ஒரு எச்சரிக்கை: வீதியோரம் நிற்கும் அண்ணனோ தோழியோ ரியூப்பை நீட்டினால் வாங்காதீர்கள். ட்ரையத்லன் விதிகளில் அது வெளியுதவி, தண்டம் உண்டு. உங்கள் பையில் இருக்க வேண்டும் அல்லது ஏற்பாட்டாளரின் மேசையில் இருக்க வேண்டும்.

மற்றப் பூச்சுகளோடு வரும் சிக்கல்கள் தனி. தேங்காய் எண்ணெயோ வாஸ்லீனோ முதலில் தடவி மேலே சன்ஸ்கிறீன் போட்டால் படலம் உருவாகாது. தொடை உரசலுக்கு வாஸ்லீன் வேண்டுமென்றால் சன்ஸ்கிறீன் காய்ந்த பிறகு, உரசும் இடத்தில் மட்டும். விடியற்காலை நுளம்புக்கு டீட் விரட்டி பூசுபவர்கள் சன்ஸ்கிறீனை முதலில், விரட்டியைப் பிறகு. டீட் எஸ்.பி.எஃப்.ஐ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

தேசிக்காய் பற்றி யாரும் சொல்வதில்லை. உப்பும் தேசிக்காயும் கலந்த தண்ணீர் நல்ல பானம்தான். ஆனால் வெயிலில் நின்று பிழிந்த கையை அப்படியே விட்டால், சாறு பட்ட இடம் யூ.வி.ஏ.யோடு சேர்ந்து ஓரிரு நாளில் எரிந்து கொப்புளிக்கும், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பாக நிற்கும். வீட்டிலேயே பிழிந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். வயல் வேலை உள்ளவர்கள் எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் எடுத்துக்கொண்டிருந்தால் தோல் வெயிலுக்கு மிகவும் கூசும். நோவுக்கான கீட்டோபுரோபென் ஜெல் பூசிய முழங்காலும் அப்படித்தான். அந்த நாள்களில் நீண்ட பயிற்சி வைக்குமுன் மருந்து தந்தவரிடம் கேளுங்கள்.

"எங்கள் கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் தேவையா?" என்பதும் வழக்கமான கேள்வி. மெலனின் ஓரளவு காக்கும், ஏழு மணிநேரத்துக்குக் காக்காது. எங்கள் தோலில் எரிவு சிவப்பாகத் தெரியாது. சூடும் இறுக்கமும் தொட்டால் நோவும்தான் அடையாளம், பிறகு உரியும், கருமை கூடும். ஓடுபவருக்கு இதில் நேரடி நட்டமும் உண்டு: வெயிலில் வெந்த தோலில் வியர்வை சுரப்பது சில நாள்களுக்குக் குறையும் என்று பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். போட்டிக்கு முந்தைய ஞாயிறு தோளை எரித்துக்கொண்டவர் போட்டியில் உடம்பைக் குளிர்விக்கத் திண்டாடுவார். கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் நிறம் சேர்த்த, இரும்பு ஒக்சைட் கலந்த வகையைப் பாருங்கள். மங்கைக் கறுப்பாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. அதை நிறமற்ற சன்ஸ்கிறீன் தடுக்காது.

பவளப்பாறை சூழ்ந்த புறாமலைத் தீவுப் பக்கம் நீந்துபவர்கள் ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேட் என்ற வடிகட்டிகள் இல்லாததை வாங்கினால் நல்லது. புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. பவளப்பாறையைக் காக்க, ஹவாய் இந்த இரண்டும் கலந்தவற்றின் விற்பனையை 2021 முதல் தடை செய்திருக்கிறது. பவளப்பாறைக்கு முதல் எதிரி கடல் சூடாவதுதான். சன்ஸ்கிறீனின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இணக்கமில்லை. ஆனாலும் ராஷ் கார்ட் போட்டவருக்குக் கடலில் கரைக்கவே அதிகம் இருக்காது.

பாமசியில் வாங்கும்போது முடிவுத் திகதியையும் தொகுதி எண்ணையும் பாருங்கள். கண்ணாடி அலுமாரியில் வெயில் படும் தட்டிலிருந்து எடுத்துத் தந்தால் வேறு கேளுங்கள். திறந்த பிறகு பெரும்பாலானவை 12 மாதம். மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழும் கார் டாஷ்போர்டிலும் வைத்தால் அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீரும் எண்ணெயும் பிரிந்து வந்தால் வீசிவிடுங்கள், குலுக்கிச் சேர்க்க முயல வேண்டாம் (குலுக்கிப் பூசும் பால் வகை மட்டும் விதிவிலக்கு). ஐஸ் பெட்டியிலும் ஐஸோடு ஒட்டி வைக்காமல் துவாயில் சுற்றி வையுங்கள், உறைந்தாலும் பிரியும்.

வீட்டுக்கு வந்ததும் இந்தப் படலம் வெறும் சவர்க்காரத்துக்குப் போகாது. காலையில் ஒதுக்கி வைக்கச் சொன்ன தேங்காய் எண்ணெய்க்கு இப்போதுதான் வேலை: காய்ந்த தோலில் எண்ணெய் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டு, பிறகு சவர்க்காரம். வெள்ளைச் சட்டைக் கழுத்துப் பட்டியில் துருப்போல் செம்மஞ்சள் கறை வந்தால் அது அழுக்கல்ல. அவோபென்சோன் கிணற்றுத் தண்ணீரின் இரும்போடு சேர்ந்து உண்டாவது. குளோரின் வெளுப்பான் போட்டால் இன்னும் ஊறும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து ஒரு மணிநேரம் நிழலில் விட்டு அலசுங்கள்.